ஆளில்லா வண்டி தின்ற கை

என் இடது கை மணிக்கட்டோடு போனது. எப்படிப் போனது என்று ஊரில் கேட்டார்கள். வண்டி இடித்தது என்றேன். ஓட்டினவன் யார் என்றார்கள். ஓட்டுகிறவன் கிடையாது, தானாக ஓடும் வண்டி என்றேன். அதிலிருந்துதான் எல்லாம்.

பழவேற்காட்டு ஏரிக்குள் ஒரு தீவு எங்கள் ஊர். எழுபதுகளில் நான் அங்கே வலை போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாவதோடு சரி. கல்யாணம் ஆனதும் எனக்குப் பாடு கிடைத்தது.

பாடு என்பது முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. யார் எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். கல்யாணமான ஆணுக்கெல்லாம் சீட்டில் பெயர் உண்டு. வயல் உள்ளவனுக்கு வயல் எப்படியோ, எங்களுக்குப் பாடு அப்படி. விற்க முடியாது. ஊர் கொடுக்கும். ஊரே எடுக்கும்.

எண்பதுகளில் இறால் சரியாக விழாத ஒரு வருஷம் வெளிநாடு போனேன். டவுனில் ஒரு பாய் இருந்தார். அந்த நாட்டு விமான நிலையத்துக் கடையொன்றில் அவருக்கு வேலை, அப்போது லீவில் வந்திருந்தார். ஆள் எடுப்பவனை அவர்தான் காட்டினார். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். அரபு நாடு இல்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் இல்லாத நாட்களில் என் முறைக்கு அண்ணன் படகெடுத்துப் போனார். என் பங்கை என் வீட்டில் கொடுத்தார். அது எங்கள் வழக்கம்தான்.

அந்த விமான நிலையத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோக ஒரு வண்டி ஓடியது. பஸ் மாதிரி ரப்பர் சக்கரம். ரயில் மாதிரி தனிப் பாதை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுகிறவனுக்கு இருக்கை கிடையாது. பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும். தானாக வரும், தானாக நிற்கும், தானாகக் கதவைத் திறக்கும்.

எனக்கு வேலை அந்தப் பாதையைக் கழுவுவது. சிமெண்டுப் பாதை. டயர் கரி படிந்து கறுத்துவிடும். சுரண்டித் தேய்க்க வேண்டும். வண்டியை நிறுத்தின பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள்.

ஒரு நாள் பழுது பார்த்த வண்டியைச் சோதனைக்கு ஓட விட்டார்கள். பாதையில் ஆள் இருப்பதை ஓட விட்டவனிடம் யாரும் சொல்லவில்லை. சத்தம் அதிகம் வராத வண்டி. நான் திரும்பினபோது பக்கத்தில் இருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உடம்பு ஒட்டியது. கை ஒட்டவில்லை.

வண்டி கொஞ்சம் தள்ளி, தான் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. கதவு திறந்தது. ஏறுவதற்கு யாரும் இல்லை. கதவு மூடப்போகிறது, விலகி நில்லுங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மூடியது. போய்விட்டது.

என்னை வேலைக்கு வைத்தவன் இன்னொருவனிடம் காண்ட்ராக்ட் எடுத்தவன். புண் ஆறும் முன்னே விமானம் ஏற்றிவிட்டான். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் வேறு நாட்டு ஆட்கள். எனக்காகச் சாட்சி சொல்ல ஒருவனும் வரமாட்டான்.

ஊருக்கு வந்து படகை விட்டு இறங்கினேன். முதலில் பார்த்தது அண்ணன். கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"இன்னாடா எட்த்த?" என்றார்.

அப்போது எனக்குப் புரியவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் புரிந்துவிட்டது. வெளிநாட்டில் திருடினால் கையை வெட்டுவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த வெளிநாடு என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊருக்கு வெளிநாடு என்றால் ஒரே நாடு.

அடிபட்டு வேலைக்கு ஆகாதவனுக்கும் எங்கள் ஊரில் பாடு உண்டு. அவன் பெயரில் இன்னொருவன் போவான், பங்கு அவன் வீட்டுக்கு வரும். திருடனுக்குப் பாடு கிடையாது. ஏரியில் வலை காவல் இல்லாமல் கிடக்கும். திருடனைச் சேர்த்துக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. சீட்டில் ஒரு பெயர் குறைந்தால் மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் சுற்றி வரும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் நடுவில் உட்கார்ந்தார். உறவில் எனக்கு மாமா முறை.

"சொல்லு மாப்ள. கை எப்டிப் போச்சு?"

சொன்னேன். ரப்பர் சக்கரம் சொன்னேன். கண்ணாடி சொன்னேன். சோதனை ஓட்டம் சொன்னேன்.

"ஓட்றவன் இல்லாம வண்டி எப்டிடா நிக்கும்?"

"அதுவே நிக்கும் மாமா."

"எங்க நிக்கணும்னு அதுக்கு யார் சொல்வாங்கோ?"

"அதுக்குத் தெரியும்."

பின்னாலிருந்து ஒருவன், "அப்போ அது உன்ன உட அறிவாளி மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஏரியில் படகு ஆளில்லாமல் வந்தால் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். போனவன் செத்துப்போனான். வேறு எதுவும் ஆளில்லாமல் வந்து அவர்கள் பார்த்ததில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தலைவர் அண்ணனைக் கேட்டார். "நீ இன்னா சொல்ற?"

"எனக்கு இன்னா தெரியும்? அவன் சொல்றான். நான் கேக்கறேன்."

பாய் லீவில் ஊருக்கு வருகிறார், அவரைக் கேளுங்கள் என்றேன். அந்த வண்டியில் தினமும் போய் வந்தவர் அவர். பொய் சொல்லாத மனிதர். அவர் வரும்வரை தள்ளி வைத்தார்கள்.

அதுவரை ஊர் சும்மா இருக்கவில்லை. நான் கரையில் நடந்தால், "தள்ளு தள்ளு, ஆளில்லா வண்டி வருது" என்பார்கள். ஒரு நாள் கட்டு அவிழ்ந்து வெறும் படகொன்று கரையோரம் மிதந்து வந்தது. "தோ, உன் வண்டி வந்துக்கினு கீது. இன்னொரு கையும் குடு" என்றான் ஒருவன். என்னோடு சேர்ந்து வலை கட்டினவன்தான். நல்ல சிரிப்பு அன்றைக்கு.

ஊரில் என்னை நம்பினது என் பெண்டாட்டி ஒருத்தி. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களிடம் அவள் சண்டை போடாத நாள் இல்லை. "எங்க வூட்டுக்காரு வேர்வை சிந்திப் போன கை அது. பேமானிங்களா, உங்க வாய் அழுகிடும்" என்று கத்துவாள். வீட்டுக்கு வந்தால் பேசமாட்டாள்.

பாய் வந்தார். படகில் எங்கள் ஊருக்கே வந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தடவிக் கண் கலங்கினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தைரியம் வந்தது.

தலைவர் கேட்டார். "பாய், ஆளில்லாத வண்டி நெசமாவே கீதா?"

"இருக்குங்க. நான் டெய்லி போவேன். டிரைவர் கிடையாது."

கூட்டம் அடங்கியது. அண்ணன் தலை குனிந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். தலைவர் விடவில்லை.

"அது ஆளை இடிக்குமா?"

பாய் யோசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தார். அது முகத்தில் தெரிந்தது.

"இடிக்காதுங்க. அதுக்கு அறிவு உண்டு. கதவு மூடறப்போ நடுவுல கையை வச்சா, உடனே தொறந்துக்கும். ஒரு தடவை நானே வச்சுப் பாத்தேன். பூ மாதிரி தொட்டுச்சு, தொறந்துக்கிச்சு." தன் வலது கையை நீட்டிக் காட்டினார். முழுக் கை.

"பாய் கையத் துன்னல. உன் கைய மட்டும் ஏன்டா துன்னுச்சு?" என்றான் ஒருவன். ஊர் சிரித்தது.

கதவு வேறு, பாதை வேறு என்றேன். கதவில் கை வைத்தால் வண்டிக்குத் தெரியும், பாதையில் நிற்கிறவனைத் தெரியாது என்றேன். சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. பாய் என்னைப் பார்த்து, "பாதைல நடந்ததை நான் பாக்கலியேப்பா" என்றார். அதுவும் உண்மை. அவர் படகேறினபோது நான் வழியனுப்பப் போகவில்லை.

என் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்தார்கள். திருடினதற்கு மட்டும் இல்லை, ஊர் நடுவில் பொய் சொன்னதற்கும் சேர்த்து என்றார் தலைவர். அண்ணன் பங்கு கொடுப்பது நின்றது. அண்ணி ஒரு நாள் மீன் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் அண்ணன் வந்து, "பாத்திரத்தக் குடு. உங்க வூட்ல எதுவும் வைக்கப் பயமா கீதுன்றா" என்று வாங்கிப் போனார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒற்றைக் கையால் ஏரியடியில் கம்பு நட முடியாது. வலை கட்ட முடியாது. சேற்றில் தடவி இறால் பிடிக்கவும் இரண்டு கை வேண்டும். பெண்டாட்டி ஒருத்திதான் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தடவினாள். கிடைத்ததைத் தின்றோம். கிடைக்காத நாளும் உண்டு.

யார் வலை காணாமல் போனாலும் முதலில் என் வீட்டுக்கு வருவார்கள். பானைகளை அவளே கவிழ்த்துக் காட்டுவாள். ஒரு தடவை நான்கைந்து பேர் வந்து கூரையைப் பிரித்துப் பார்த்தார்கள். வலை ஏரியிலேயே அறுந்து போயிருந்தது. பிரித்த கூரையை யாரும் திரும்ப வேயவில்லை. மழைக்காலம் அது.

தலைவர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, திருடனைக் கூட ஊரு சேத்துக்கும். ஒத்துக்கினு உளுந்து கும்புட்டா, அடுத்த சீட்ல பேர் வரும். பொய் பேசறவனைச் சேக்க முடியாது. பாடு ஓட்றதே வாய்ப்பேச்சுல. நீ வண்டி வண்டின்னு நிக்கற. நான் இன்னா பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. வழக்கம் அது.

வீட்டில் சொன்னேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஒத்துக்கோ" என்றாள்.

"எடுக்காததையா?"

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கு இன்னாத்துக்கு? நாக்கு சொல்றது தானே. சொல்லிட்டு வா. என்னால இனிமே தண்ணில நிக்க முடியல."

ஊர் கூடியது. போன தடவையைவிட ஆள் அதிகம். பெண்களும் ஓரமாக நின்றார்கள். அவளும் நின்றாள். நான் கோயில் வாசலில் விழுந்தேன். ஒற்றைக் கையால் கும்பிட முடியாது. நெற்றியை மண்ணில் வைத்தேன்.

"எடுத்தேன்" என்றேன்.

"இன்னா எட்த்த?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன். கைக்கடியாரம். பயணி ஒருவர் வண்டியில் விட்டுவிட்டுப் போனது. தங்க நிறப் பட்டை. உள்ளே தேதி தெரிகிற மாதிரி சின்னச் சன்னல். நூல் பிரித்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. கையில் கட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தளர்வாக இருந்தது, சட்டைக்குள் போட்டுக்கொண்டேன் என்றேன். ஒருவனும் சிரிக்கவில்லை. தலையாட்டிக் கேட்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "இரு இரு. வண்டிலதான் ஆளே இல்லியே. உன்ன யார் பாத்தது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார்.

"ஓட்டுறவன் பாத்தான்" என்றேன்.

கூட்டம் மூச்சு விட்டது. "தோ, வந்துச்சு பாரு" என்றார் அண்ணன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா இம்மாம் பேஜார் உண்டா?" என்றார் இன்னொருவர். தோளில் தட்டினார்கள். தலைவர் விபூதி பூசினார். அடுத்த சீட்டில் பெயர் சேரும், என் முறைக்கு அண்ணன் படகெடுப்பார் என்று தீர்ப்பானது.

நானும் அவளும் வீட்டுக்கு நடந்தோம். வெயில் இருந்தது. அவள் முன்னால் போனாள். பாதி வழியில் நின்றாள்.

"அந்தக் கடியாரம் எங்க?"

"எது?"

"தங்கப் பட்டை போட்டது."

விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"புடுங்கிக்கினாங்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "கையத்தான் எட்த்துக்கினாங்களே. அதையாவது உட்டிருக்கலாம்" என்றாள். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடந்தாள்.