பால் டம்ளரைத் தடுத்த கை

செல்வராணி சிஸ்டர் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று தறியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். அதே சேதிதான்.

அவர் நர்ஸாக இருந்த வார்டில் படுத்து எழுந்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நான் அங்கே போனது நாடாவால்தான். குமாரபாளையத்துப் பட்டறையில், ஊடு நூலோடு தறியின் குறுக்கே ஓடும் அந்த நாடாக்கட்டை எகிறி, அதன் இரும்பு முனை என் கழுத்தில் குத்திவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் கிழிந்த ரத்தக்குழாயைத் தைத்து, மூச்சுவிடத் தொண்டையில் ஓட்டை போட்டு ட்யூப் வைத்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. பார்க்க வந்த பெரியம்மா, நான் பிழைக்கமாட்டேன் என்று முடிவுகட்டி, கடைசிப் பால் ஊற்ற டம்ளரோடு குனிந்தார். தாகத்தில் நானும் வாயைத் திறந்தேன். சிஸ்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

“ஏனுங்கம்மா, உசுரோட இருக்கற புள்ளைக்கா பால் ஊத்தறீங்க? மூச்சுக்குழாய்ல போச்சுன்னா நீங்க நெனச்சதே நடந்துரும்!”

“தொண்டை நனையட்டும்னுதானுங்க…”

“அப்ப நீங்களே குடிங்க. வந்ததுலருந்து ஒப்பாரி வெச்சு உங்க தொண்டைதான் காஞ்சு கெடக்குது.”

இனிப் பேசவே முடியாதோ என்ற பயம் எனக்குள் இருந்தது. டாக்டர் சரி என்ற பிறகு, சிஸ்டர் என் விரலை எடுத்துத் தொண்டை ட்யூபின் ஓட்டை மேல் வைத்தார்.

“மூடிட்டுப் பேசு சாமி. என்னையத் திட்டு. ஊசி போட்ட கோவம் இருக்குமல்ல?”

திட்ட வரவில்லை. “தண்ணி” என்றேன். கரகரவென்று வந்தது. என் குரலே இல்லை அது. அழுதேன்.

“அழுவாத. தறிச் சத்தத்துல எல்லாக் குரலும் ஒண்ணுதான்” என்றார்.

ட்யூபை எடுத்த பிறகு விழுங்கவும் அவர்தான் பழக்கினார். “முகவாயை நெஞ்சுக்குத் தாழ்த்து, அப்பறம் முழுங்கு” என்று ஒவ்வொரு கரண்டிக்கும் சொன்னார். இன்றும் நாடா சத்தம் மாறினால் என் கை கழுத்துக்குப் போகிறது. குரலும் பழையபடி திரும்பவில்லை.

பனமரத்துப்பட்டியில் அவர் வீட்டில் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அரிசியோடு கை அந்த வாய்ப்பக்கம் போகவில்லை. எனக்கு ஒரு சொட்டுப் பால் இறங்கவிடாதவர் அவர்.

“போடும்மா, எடுக்கற நேரமாச்சு” என்றார்கள் பின்னால்.

யாராவது ஓடிவந்து என் கையைப் பிடிக்கமாட்டார்களா என்று கொஞ்சம் நின்றேன். யாரும் பிடிக்கவில்லை. போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டுத் தண்ணீர் மொண்டேன். முகவாய் தானாகத் தாழ்ந்தது. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அதுதான்.