அஞ்சு நிமிஷச் சால்வை

போன வாரம் போளூரில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் ஒன்றில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி, தகரக் கூரை போட்ட மண்டபம். மின்விசிறி சுற்றியதா, சுற்றுவதுபோல் நடித்ததா தெரியவில்லை. அந்த வேகாத வெயிலில் பளபளவென்று ஒரு துணியை என் தோளில் போட்டு, போட்டோ எடுத்து முடிக்கும் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார் செயலாளர். வீட்டு பீரோவில் ஏற்கெனவே இதே மாதிரி பதினொன்று கிடக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்று, நானே வேறு யாருக்கோ போர்த்தி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தவை என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே காதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சமையல் எதுவானாலும் வாய் பேசாமல் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். அறுபத்தேழு வயதில் சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு இருக்கிறது. இதற்கு இல்லை. சும்மா ஒரு சால்வைக்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

பன்னிரண்டாவது சால்வையை உள்ளே வைக்க பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. ஜவ்வாது மலைக்கு எங்களுக்கு உல்லன் நூல் மூட்டை இதே வாடையோடுதான் வரும். எழுபத்தொன்பதோ எண்பதோ. எனக்கு இருபத்திரண்டு வயது. மலைப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுக்கும் அரசாங்க நிலையத்தில் டீச்சர் வேலை. நிலையம் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய புளிக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்துப் பலகை மாட்டியிருந்தார்கள். பாச்சை உருண்டை வாடை இரண்டு நாளில் போய், நூலில் புளி வாடை ஏறிவிடும். எங்கள் நிலையத்தில் பின்னிய எதை முகர்ந்தாலும் வாயில் எச்சில் ஊறும்.

நான் கீழ்நாட்டுக்காரி. போளூர் வெயிலில் வளர்ந்த உடம்பு மலைக் குளிருக்கு நடுங்கியது. அதனால் முதலில் எனக்கே ஒரு சால்வை பின்னிக்கொண்டேன். ஒரு முனை அகலம், மறு முனை ஒல்லி. முக்கோணமாக மடித்துப் போட்டுக்கொண்டால் தெரியாது என்று சமாளித்தேன். அதைப் போர்த்திக்கொண்டுதான் மற்றவர்களுக்குக் கண்ணி எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்.

பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். விதைப்பு வந்ததும் ஐந்து பேர் மிஞ்சினார்கள். அந்த ஐவரில் ஒருத்தி வெள்ளச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் தங்கச்சி என்பாள். நான் ஆறு மாதம் படித்ததை அவள் பதினைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சாமை கதிர் விட்டதும் அவள் நிலையத்துக்கு வரவில்லை. ஊசிகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு கொல்லிக்கு, அதாவது மலைச்சரிவில் இருந்த தன் காட்டுக்குப் போய், பரணில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டே பின்னினாள். கிளிக் கூட்டம் இறங்கினால் பின்னலைக் கீழே போட்டுவிட்டுக் கவணை எடுப்பாள். அந்த அவசரத்தில் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவும். அதை அவள் கவனிப்பதற்குள் பத்து வரிசை தாண்டியிருக்கும். இப்படி மூன்று இடத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை. பிரித்துத் திரும்பப் போடுங்கள் என்று டீச்சர் தோரணையில் சொன்னேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. அது கிளி வந்த எடம். அவுத்துட்டா கிளி வரலன்னு ஆய்டுமா?"

சால்வை உடம்பு கத்தரிக்காய் நிறம். எங்களுக்கு வந்ததெல்லாம் அந்த நிறம்தான், மேலே யாருக்கு அதன் மேல் ஆசையோ தெரியாது. ஓரத்துக்கு நூல் பற்றவில்லை. என் வெண்ணெய் நிற ஸ்வெட்டரின் இரண்டு கையையும் பிரித்துக் கொடுத்தேன். கொக்கி ஊசியால் நான்கு பக்கமும் ஓரம் போட்டாள். புத்தகத்தில் அந்த மாதிரிக்குக் கிளிஞ்சல் என்று பெயர். அவள் கடலைப் பார்த்ததில்லை. சேவல் கொண்டை என்று சொல்லிவிட்டாள், பிறகு ஐவருக்கும் அது சேவல் கொண்டைதான்.

இதையும் சொல்லியாக வேண்டும். முதலில் முடிக்கும் உருப்படி பின்னியவருக்கே சொந்தம் என்று மேலிடத்துத் தாளில் எழுதியிருந்தது. அதை ஐந்து பேருக்கும் நான்தான் உரக்கப் படித்துக்காட்டினேன். அதனால்தான் அவள் அவ்வளவு பெரிதாகப் பின்னினாள். மார்கழி முழுக்க அது அவள் தோளைவிட்டு இறங்கவில்லை. தண்ணீருக்கும் அதுதான், விறகுக்கும் அதுதான். காலையில் நான் அந்தப் பக்கம் போனால் அவள் மூன்று வயது மகளின் தலை மட்டும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

தை மாதம் கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். எங்கள் சூப்பிரண்டு அவருக்குப் போர்த்தச் சால்வை வாங்கிவரச் சொல்லிப் போளூருக்கு ஆள் அனுப்பியிருந்தார். சால்வை வரவேண்டிய பஸ் மலை வளைவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மாலைக்குத் துலுக்கச் சாமந்தி இருந்தது. சால்வைக்கு வழியில்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். சூப்பிரண்டு விரித்துப் பார்த்தார். ஒரு முனை அகலம், மறு முனை ஒல்லி. மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் நான் ஒழுங்காகக் கண்ணி எண்ணியிருந்தால்!

அவருக்கு வெள்ளச்சியின் சால்வை ஞாபகம் வந்தது. போர்த்தி எடுத்துவிடப் போகிறோம், அஞ்சு நிமிஷம் என்றார். அவர் போயிருக்கலாம். பியூனை அனுப்பியிருக்கலாம். என்னை அனுப்பினார். நான் போனேன்.

அவள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். அஞ்சு நிமிஷம்தான்கா, கையோடு கொண்டாந்து குடுத்துடறேன் என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் உலக்கையைச் சாத்திவிட்டுச் சால்வையை எடுத்து, உமியை உதறி, நான்காக மடித்துக் கொடுத்தாள். பிறகு எனக்குப் பின்னாலேயே வந்து நிலையத்து வேலியோரம் நின்றாள். சூப்பிரண்டு சால்வையை முகர்ந்தார். புகை வாடை. முகத்துக்குப் போடும் பவுடரை அதன்மேல் தட்டச் சொன்னார். தட்டினேன்.

போர்த்தினார்கள். கைதட்டினார்கள். அதிகாரி குனிந்து பார்த்து, கிளி வந்த இடம் ஒன்றில் விரலை விட்டு, இது டிசைனா என்று கேட்டார். டிசைன்தாங்க ஐயா என்றார் சூப்பிரண்டு. நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இது இவருடையதல்ல, அதோ வேலியோரம் நிற்கிறாளே அவளுடையது என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? மலைப் பெண்களின் கைத்திறமை பற்றி அந்த மனிதர் பேசியதில் நூற்றில் ஒரு பங்கு போதும். கூட்டம் முடிந்ததும் அவர் கழற்றிக் கொடுத்தார், அவருடைய ஆள் வாங்கி, தேன் பாட்டிலோடும் பலாப்பழத்தோடும் ஜீப்பின் பின்னால் வைத்தான். ஜீப் போய்விட்டது. வெள்ளச்சி ஜீப்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

சூப்பிரண்டிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒருவழியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். "ஐயா தோள்ல ஏறினத திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்குமாம்மா? நூலு கவர்ன்மெண்டு நூலுதானே" என்றார் நிதானமாக. மரியாதையாம். மேடையில் இருப்பவனுக்குப் போர்த்துவதற்காகக் குளிரில் நிற்கிறவளிடம் உருவுவதற்கு நம் ஊரில் அதுதான் பெயர். அப்போது எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. அறைக்குப் போய் அந்த அதிகாரிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. இந்தக் கதையில் எனக்கு யார் மேல் அதிகக் கோபம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை என் கோணல் சால்வையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். புதிதாக ஒன்று பின்னலாம், நூலுக்கு நானாச்சு, அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவள் அதைத் தொடவில்லை.

"அந்தாளு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். நீ கேட்ட, குடுத்தேன்" என்றாள். உள்ளே போய் ஊசிகளை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

அந்த வாரத்துக்குள் மற்ற நால்வரும் ஊசியைத் திருப்பிவிட்டார்கள். எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, வாங்க டீச்சரு என்றார்கள். வெள்ளச்சியும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஆட்கள் இல்லாத நிலையத்தில் நான் நூல் மூட்டைக்குக் காவல் இருந்தேன். நான்கு மாதத்தில் வேலை நிரந்தரமாயிற்று, அடுத்த வருஷம் கீழே மாற்றல் வந்தது. அந்த வேலையில்தான் சம்பளம் வாங்கி, பென்ஷன் வாங்கி, பன்னிரண்டு சால்வையும் வாங்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி மகன் காரில் மலைக்குப் போனேன். புளிக் கிடங்கு இருந்த இடத்தில் காரை நிறுத்தக் கட்டணம் வாங்குகிறார்கள். வெள்ளச்சியின் கொல்லிச் சரிவில் கூடாரம் அடித்து, சனி ஞாயிறுக்கு வருகிறவர்கள் பாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பரணும் இல்லை, சாமையும் இல்லை. விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது மகள். சால்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அதே குழந்தை, நாற்பதைத் தாண்டிவிட்டாள், அதே அகல நெற்றி. வெள்ளச்சி போய் ஆறு வருஷம் ஆகிறதாம். அவள் பின்னிய ஏதாவது வீட்டில் இருக்கிறதா, கடைசிவரை பின்னிக்கொண்டிருந்தாளா என்று கேட்டேன். மகளுக்குப் புரியவில்லை. கையால் பின்னிக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நீங்க வேற யாரையோ நெனச்சிக்கினு பேசறீங்க."

இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.