நிற்காத பெருவிரல்

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் தோட்டச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் போக்கர் தொடங்கும். ஒருவருக்கு ஐந்து யூரோ. மேசையைச் சுற்றிப் பத்து நாற்காலி. இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் பதின்மூன்று பேர். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: பத்து ஞாயிறுகள் முடிய, புள்ளியில் கடைசியாக நிற்பவர் நாற்காலியை விட வேண்டும்.

ஒன்பது ஞாயிறு முடிந்தபோது கடைசியில் இரண்டு பேர் நின்றோம், ஆளுக்கு முப்பத்தொரு புள்ளி. ஒருவன் நான். மற்றவர் என் வலப்பக்கம் இருக்கும் ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. பத்தாவது ஞாயிறு எங்களில் யார் முதலில் தோற்று எழும்புகிறாரோ அவர் வெளியே. நான் தொழிற்சாலையை விட்டு ஆறு வருடம். கிழமையில் வீட்டுக்கு வெளியே என்னை யாராவது எதிர்பார்ப்பது அந்த நான்கு மணித்தியாலம் மட்டும்தான். சனிக்கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு மாடிப்படி பதினெட்டையும் ஏழு தடவை ஏறி இறங்கினேன்.

அந்த மனிதர் எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றுவார். பயந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவார்கள். காசுக்குப் பதிலாக நடுவில் கிடக்கும் பந்தய வில்லைகளை அவர் அள்ளிக்கொள்வார். அன்று முதல் மணித்தியாலத்தில் நாற்பது ஆட்டம், இருபத்தொன்பதில் ஏற்றினார். நாற்பதில் எட்டு முறை நல்ல சீட்டு வந்தாலே அதிர்ஷ்டம். ஆகவே இருபத்தொன்று வெறும் மிரட்டல். இப்படிப்பட்டவரை வெல்ல வீரம் வேண்டாம். பேசாமல் கவிழ்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல சீட்டு வரும்போது அவரை ஏற்றவிட்டு, அதே பந்தயத்தைக் கட்டிப் பின்னால் போனால் போதும்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் எனக்கு நல்ல சீட்டு வந்த நான்கு முறையும் அவர் கவிழ்த்துவிட்டார். தன் சீட்டைப் பார்க்குமுன் என் பக்கம் ஒருதரம் பார்ப்பார், அவ்வளவுதான்.

“இது உனக்குத்தான், கணக்காளரே,” என்றார் நான்காம் முறை. எதற்கும் கணக்குப் பார்ப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. மேசை சிரித்தது. என் வில்லைகள் பாதியாகிவிட்டிருந்தன.

இடைவேளைக்குச் சற்று முன் என் மனைவி வந்து பின்னால் நின்றா. நான் மறந்துவிட்டு வந்த பிரஷர் குளிசையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கையில்.

“இஞ்சாருங்கோ, அந்த மனுசன் உங்கட கையையெல்லோ பாக்கிறார்.”

“கையிலை என்ன கிடக்கு?”

“பெருவிரல். எந்தநேரமும் மற்ற விரல் கணுவிலை ஓடிக்கொண்டு திரியும். இப்ப சீட்டைப் பாத்தவுடனை நிண்டுபோச்சு.”

“உமக்குப் போக்கர் தெரியாது.”

“போக்கர் தெரியாது. உங்களைத் தெரியும். காரை இடிச்சுப்போட்டு வந்து ஒண்டும் நடக்கேல்லை எண்டு நிண்டியள், அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டது. குளிசையைப் போடுங்கோ.”

ஊரில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் பழகிய காலத்திலிருந்தே இடக்கைக் கணுக்களில் பெருவிரலை ஓட்டி எண்ணுவேன். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஜெர்மன்காரர்கள் இப்படி எண்ணுவதில்லை. அதனால் இது அவர்கள் கண்ணில் படாது என்று நினைத்திருந்தேன். அவரை நாற்பது ஆட்டம் எண்ணிய நான், என்னை ஒருதரமும் எண்ணவில்லை.

இடைவேளைக்குப் பிறகு மற்றவர்களிடம் இரண்டு மிரட்டல் பிடிபட்டு, அவருடைய வில்லைகளும் என் அளவுக்கு இறங்கின. ஒன்பதாவது ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஆஸ் சீட்டு வந்தது. அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. விரல் தானாக நிற்கப் பார்த்தது. ஜன்னல் கண்ணாடிகளை எண்ணத் தொடங்கினேன். ஏழுக்குப் பிறகு எண்ணிக்கை குழம்பியது. விரலை மட்டும் நிறுத்தவில்லை. அவர் என் பக்கம் பார்த்தார். தன் சீட்டைப் பார்த்தார். தன் வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

“என்ன கணக்காளரே, இதையும் எண்ணிப் பார்க்கிறாயா?”

“எண்ணிவிட்டேன்,” என்று நானும் தள்ளினேன்.

அவரிடம் ஒரு ஒன்பதும் ஒரு நான்கும். மேசையில் விரித்த முதல் சீட்டே ஒன்பது. இன்னொரு ஒன்பதோ நான்கோ விழுந்தால் என் இரண்டு ஆஸும் தோற்றுவிடும். மற்ற நான்கிலும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. என்னைவிட அவரிடம் இருந்தது இரண்டு வில்லை குறைவு. எழும்பினார்.

கை கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டார்: “விரலைப் பற்றி யார் சொன்னது?”

“மனைவி.”

அவர் தலையை ஆட்டினார். “அவ விளையாட வராமல் பார்த்துக்கொள்.” வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த மெத்தையை நாற்காலியிலிருந்து எடுத்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். நாற்பது ஆட்டத்தில் மூன்றுதான் விளையாடுவார். மற்ற நேரம் கோப்பி குடிப்பார். என்னைப் பார்ப்பதே இல்லை. என் விரல் ஓடினால் என்ன, நின்றால் என்ன. ஒவ்வொரு ஞாயிறும் போனவுடன் செயலாளரிடம் லொறிச் சாரதியின் இலக்கத்தைக் கேட்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் கடைசியாக, பதின்மூன்றில் சேர்ந்தார். முன்னால் இருந்த இரண்டு பேர் பொறுமையிழந்து பெயரை வெட்டிவிட்டார்களாம். போன ஞாயிறு கேட்டேன். பதினொன்று.