போகிக்கு உடைபடும் நல்ல பானைகள்

நன்றாக இருக்கும் பானையை உடைத்தால் ஊர் எப்படிச் செழிக்கும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மார்கழி பிறந்ததும் பதுளையில் எங்கள் தெருவுக்குப் பானைக்காரர் வண்டி வந்துவிட்டது. அவர் பானையைச் சுண்டிக் காட்டும் ஓசை கேட்டதும் நான் வளர்ந்த ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. போகியன்று கங்காணியான என் அப்பா, விரிசல் விட்டவற்றோடு நிறுத்தாமல், புளிக்குழம்பு மணக்கும் நல்ல பானைகளையும் வாசற்கல்லில் போட்டு உடைப்பார்.

"நாம ஒடச்சாத்தானே பானைக்காரன் வீட்டுல அடுப்பெரியும்?" என்றார் ஒரு வருடம்.

"அப்ப துணிக்கடைக்கார நானா வீட்டுல எரிய வேணாமாங்க? புள்ள பாவாடைக்கு வச்சிருந்த காசு பானைக்கில்ல போவுது," என்றாள் அம்மா.

"ஒனக்கு ஊரு நெலவரம் தெரியாது."

அந்தப் பொங்கலுக்கு வீட்டில் எல்லாம் புதுப்பானை. எனக்குப் பழைய பாவாடை. பானைக்காரர் பிழைத்ததை ஊரே பார்த்தது. விற்காமல் கிடந்த துணியை யார் பார்த்தார்கள்?

இப்போது என் கணவரும் அதே பேச்சுத்தான் பேசுகிறார். என் பானைகள் உடைந்தால், குழந்தையின் கம்பளிச் சட்டைக்கு வைத்திருக்கும் பணம் புதுப்பானைகளுக்கே போய்விடும். பிள்ளைக்கோ இருமல் விடவில்லை. மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவாகுமோ, பேசாமலிருந்தால் பிள்ளைக்குத் துரோகமோ என்று தவிக்கிறேன். வாசகச் சகோதரிகளே, அவர் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது? போகிக்கு முன்பே எழுதுங்கள்.