சுத்தியலுக்குப் பொடிந்த மூக்குத்திக் கல்

இரும்பின் மேல் சுத்தியல் விழும் சத்தம் அடுக்குமாடி வீட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். "ணங்" என்று காதில் இறங்கி, பல்லிடுக்கில் கொஞ்ச நேரம் கூசிக்கொண்டே இருக்கும். அப்பா கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே வெட்டிப் போட்ட இரும்புக் கட்டை ஒன்றைக் சிங்கப்பூர் கிளமெண்டியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வளைந்த சாவி, கோணிய கொக்கி எல்லாவற்றையும் அதன் மேல் வைத்துத் தட்டி நேராக்குவார். "அடிச்சுப் பாத்தாத்தான் சரக்கு எப்படின்னு தெரியும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

அந்தத் தீபாவளிக்கு, தேக்காவில் குடியிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முறுக்கு டின்னோடு வந்திருந்தார். அம்மாவின் வைர மூக்குத்தியிலிருந்து கல் கழன்று, ஒரு சின்னத் தட்டில் கிடந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு நாகப்பட்டினத்தில் தாத்தா வாங்கிப் போட்டது அது. அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"டால் அடிக்கவே இல்லையே. கண்ணாடியக் குடுத்துட்டாங்க போல லா. உங்கப்பா கடையில ஏமாந்தாரா, இல்ல தெரிஞ்சேதான் வாங்குனாரா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்துவிட்டது. "வைரம்னா உடையாதுல்ல அண்ணி?" என்றவர், "நீங்க அடிச்சே பாருங்க" என்று அப்பாவிடம் திரும்பிச் சொல்லிவிட்டு, கல்லைத் தன் கையாலேயே எடுத்து இரும்புக் கட்டையின் நடுவில் வைத்தார். அப்பா தயங்கினார். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க, அடிங்க" என்றார் அம்மா.

அப்பா அடித்தார். சுத்தியலை எடுத்தபோது கல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பொடி இருந்தது, அவ்வளவுதான். அம்மா ஈரத்துணியால் கட்டையைத் துடைத்து, துணியைக் குப்பையைக் கீழே தள்ளும் குழாயில் போட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சாப்பாடு போட்டார்.

அதற்குப் பிறகும் அம்மா வாரா வாரம் ஃபோன் கார்டு வாங்கித் தாத்தாவோடு பேசினார்தான். ஆனால் "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் வாய் ஓயாமல் கதையளந்த மகள் ஏன் இப்படி ஆனாள் என்று தாத்தாவுக்குத் தெரியாது. நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

மறு வருடம் திடப்பொருள்களைப் பற்றிய வகுப்பு. எனக்கு அந்தப் பாடத்தின் மேல் ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. உப்பு ஏன் சதுரமாக உடைகிறது, பென்சில் ஏன் தாளில் வழுக்குகிறது என்று யாரைப் பார்த்தாலும் கேட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னார்: வைரத்தைக் கீற முடியாதே தவிர, உடைக்க முடியும். இரும்பை அடித்தால் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து, புது இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன; நெரிசலான பேருந்தில் "உள்ளே போங்க" என்றால் நகர்ந்து கொடுக்கும் கூட்டத்தைப் போல. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு பக்கமும் நான்கு பேரோடு இறுகிக் கட்டுண்டிருக்கிறது. எதற்கும் நகர்ந்து கொடுக்காது. அதனால்தான் அவ்வளவு கடினம். அதனால்தான் பலமான அடி விழுந்தால் வளையத் தெரியாமல் பிளந்துவிடுகிறது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, சமையலறையிலேயே அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அது நெஜ வைரந்தானா?"

"தெரியாதும்மா. கண்ணாடியும் பொடியும், வைரமும் பொடியும். ஒடைஞ்சத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ஹாலில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா அடுப்பை அணைத்தார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அவர" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

இப்போது நாங்கள் பொங்கோலில் இருக்கிறோம். அப்பாவும் அத்தையும் இல்லை. வீடு மாறியதில் இரும்புக் கட்டை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நகைக்கடைகளில் பேனா மாதிரி ஒரு கருவி வந்துவிட்டது. கல்லைத் தொட்டாலே போதும், சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்த்து, வைரமா கண்ணாடியா என்று சொல்லிவிடுகிறது. தொட்டுப் பார்க்க எங்களிடம்தான் கல் இல்லை.

போன மாதம் என் மகளுக்கு மூக்குக் குத்தத் தேக்காவுக்குப் போனோம். அம்மாவும் வந்திருந்தார். கல் பொடிந்த நாளிலிருந்து அவர் எதுவும் போட்டுக்கொள்ளாததால், மூக்கில் துளை எப்போதோ தூர்ந்துவிட்டது. மகளுக்குக் குத்தி முடித்ததும் அம்மா தன் மூக்கைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"இந்த வயசுல குத்துனா ரொம்ப வலிக்குமாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள், பேத்தி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.