கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு ஒன்பது வாட்

முதல் எல்இடி பல்பை மாட்டிய அன்றைக்கே என் மாமனார் கையைச் சுட்டுக்கொண்டார். அதுவரை எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை, அணைத்த கையோடு திருகியதால் வந்த வினை. வேறு யாராவது என்றால் கையை உதறிக்கொண்டு பேசாமல் இறங்கியிருப்பார்கள். இவர் முக்காலி மேல் நின்றபடியே சொற்பொழிவு ஆற்றினார். “பாத்தியாம்மா? நம்ம வூட்டுக் கரண்டு பூரா இப்படிச் சூடாவே போவுது. இந்தச் சூட்ட வெச்சு என்ன பண்றது, தோசையா சுடறது?” ஏரியூரில் எங்கள் வீட்டில் எல்இடி ஆட்சி அன்றைக்குத் தொடங்கியது.

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் இருந்தது. ஊசியில் நூல் கோக்க மாமியார் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார். மீட்டர் நிதானமாக ஓடியது. மாமனார் தினமும் அதன் முன்னால் போய் நின்றுவிட்டு, சாமி கும்பிட்ட முகத்தோடு திரும்புவார். ஆனால் அந்த வெள்ளை வெளிச்சத்தில் வீட்டில் எல்லோரும் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரித் தெரிந்தோம். பத்து வருடம் எரியும் என்று அட்டையில் போட்டிருந்த கொல்லைப்புற பல்பு ஒரே மாதத்தில் கண்ணடிக்க ஆரம்பித்தது. கேட்டால், “அது வோல்டேஜ் பண்ற வேல, பல்பு மேல தப்பு இல்ல” என்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட மனிதர் இப்படிப் பரிந்து பேசியதில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது. ஹாலில் அவர் மாட்டிய பல்பு இன்னும் எரிகிறது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்இடி வந்த அந்த வருட மார்கழியில்தான் நான் கோழி வளர்க்கக் கிளம்பினேன். ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்று வீடே ஒரு வருடம் இழுத்தடித்த பிறகு, சண்டை போட்டுச் சம்மதம் வாங்கி, பொரித்து ஒரு நாளே ஆன முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொண்டுவந்தேன். அடுப்படி மூலையில் அட்டைப்பெட்டி வைத்து, உமி பரப்பி, வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே அறுபது வாட் குண்டு பல்பை மேலே தொங்கவிட்டேன். இவை செத்தால் அப்புறம் இந்த வீட்டில் எதற்கும் நான் வாயைத் திறக்க முடியாது.

நான்காம் நாள் அதியமான்கோட்டையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. காலையில் போய்விட்டுச் சாயங்காலம் தூறலில் நனைந்தபடி திரும்பினால், அடுப்படி பளபளவென்றிருந்தது. பெட்டிக்கு மேல் ஒன்பது வாட் எல்இடி. குஞ்சுகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

“வெளிச்சம் முன்னவிட நல்லாத்தானே இருக்குது? எதுக்கு இந்தக் கத்து கத்துதுங்க?” என்றார் மாமனார்.

“அதுங்க என்ன பேப்பர் படிக்கவா கேக்குதுங்க, மாமா? சூடு வேணுமுங்க! அந்தப் பழைய பல்பு எங்கங்க?”

“மறுபடி யாரும் மாட்டிடக் கூடாதுன்னு ஒடைச்சுட்டேனேம்மா” என்றார்.

வெந்நீர் ஊற்றிய சொம்புகளைத் துணியில் சுற்றி நானும் மாமியாரும் பெட்டிக்குள் வைத்தோம். மாமனார் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தார். கால் மணி நேரத்தில் வெற்றி வீரராகத் திரும்பி ஒன்றை மாட்டினார். மஞ்சளாக எரிந்தது. கை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. மஞ்சள் வெளிச்சம் தருகிற இன்னொரு எல்இடி! “பழைய பல்பு மாதிரியேதானேம்மா எரியுது?” என்றார் பாவமாக. நான் சொம்புகளில் வெந்நீர் மாற்றப் போனேன்; அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பேன். அவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி மழையில் கிளம்பினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வந்தார். துண்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு குண்டு பல்பு, மறு கையில் பெரிய பொட்டலம். பல்பை மாட்டிய கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து உமியில் படுத்தன. கத்தல் அடங்கியது. முப்பதும் உயிரோடு இருந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

“எங்க மாமா கெடச்சுதுங்க?”

“எந்தக் கடையிலயும் இல்லம்மா. பென்னாகரத்துல ஒரு பேக்கரி, பப்ஸ் சூடா இருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள எரிய வுட்டிருந்தான். அதக் கழட்டிக் குடுன்னேன். பப்ஸு ஆறிப்போனா எவன் வாங்குவான்னு கேட்டான். சரி, எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்னுட்டேன்.”

பொட்டலம் நிறைய முட்டை பப்ஸ். மாமியார் ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடிக்க வாயைத் திறந்தார். மாமனார் பதறிப்போனார்.

“ஏய், அந்தப் பக்கம் திரும்பித் தின்னு. குஞ்சுங்க பாக்குதில்ல?”