விளக்கு அணைந்த பிறகும் நிற்காத சத்தம்

காலையில் முதல்முறை சாவியைத் திருப்பியதும், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல எங்கள் கார் என்ஜினிலிருந்து ஒரு சத்தம் வரும். வந்த வேகத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்க எத்தனை முறை கிளப்பினாலும் வராது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு வாசலில் என் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின் சீட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அப்பா. அவர் பக்கத்தில் நான்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அம்மா இறந்துவிட்டிருந்தாள். அப்பா வருடக்கணக்காக ஓட்டிய பழைய காரை, பள்ளியில் டீச்சராக இருந்த அக்கா ஓட்டினாள். எனக்கு ஓட்டத் தெரியாது. சத்தத்தைப் பற்றி அக்கா பேச்செடுத்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும். "பழைய வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும். காலைல எழுந்தா என் முட்டியும்தான் சத்தம் போடுது" என்பார். தன் உடம்பைப் பற்றியே கேட்டுக் கேட்டுச் சலித்தவருக்கு, காருக்கும் ஒரு நோய் என்று கேட்கத் தெம்பில்லை போலும்.

சிவாஜிநகரில் எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதில் அந்தச் சத்தம் விழுந்ததே இல்லை. வீட்டிலிருந்து அவர் ஷெட்டுக்குப் போவதற்குள் என்ஜின் சூடாகிவிடும். "மக்கன் மாதிரி ஓடுது சிஸ்டர். சும்மா பயப்படுறீங்க" என்று வெண்ணெயை உதாரணம் காட்டித் திருப்பி அனுப்புவார். ஒருநாள் சாயங்காலம் காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள் அக்கா. காலையில் போய்ப் பார்த்தால், வேறொரு வண்டிக்கு வழிவிட யாரோ முன்னாலேயே அதைக் கிளப்பி நகர்த்தியிருந்தார்கள்.

அக்கா விடவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள சிவப்பு ஆயில் விளக்கு எப்போது அணைகிறதோ அப்போதுதான் சத்தமும் நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். இதைச் சொன்னபோது பாய், கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்கே வந்தார். பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினின் முன்பக்கத்தில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "போடுங்க" என்றார். சத்தம் வந்தது, அடங்கியது. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"என்ஜின் உள்ள ஓடுற டைமிங் செயின் லூஸாயிடுச்சி சிஸ்டர். ராத்திரி பூரா நிக்கும்போது ஆயில் கீழ எறங்கிடுது. அது திரும்ப ஏறி செயினை இறுக்கிப் பிடிக்கிற வரைக்கும் ஆடுது. அறுந்தா நடுரோட்ல நின்னுடும், என்ஜினும் காலி. சாமான் வெளியூர்லேர்ந்து வரணும். அது வர்ற வரைக்கும் ஒண்ணு பாத்துக்கோங்க. விளக்கு அணைஞ்சதும் சத்தம் நின்னா ஓட்டுங்க. நிக்கலைன்னா ஒரு அடிகூட ஓட்டாதீங்க."

அந்த வாரமே பந்த் வந்தது. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. அப்பாவின் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்து இரவைக் கழித்திருந்தார். விடிந்ததும் அவரைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். அக்கா சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. சத்தம் நிற்கவில்லை.

அக்கா என்ஜினை அணைத்தாள்.

"என்ன பண்ற? போடு" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"ஒரு மாசமா இதோடதானே போனோம்? நான் செத்தாலும் பரவால்லியா உனக்கு?"

அக்கா சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். நான் உள்ளே ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். அப்பாவின் மூச்சு கரகரத்தது. எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் அன்று நானே ஓட்டியிருப்பேன். அந்த நிமிடத்தில் அக்காவை நான் வெறுத்தேன்.

தெருமுனையில் திரும்பி வந்தது எங்கள் சர்ச்சின் கறுப்பு வண்டி. கல்லறைக்குச் சவப்பெட்டி கொண்டுபோகிற வண்டி. முன் சீட்டிலிருந்து அக்கா குதித்தாள். டிரைவர் அப்பாவைப் பார்த்துத் தயங்கி, "படுக்க வைக்கணுமா சிஸ்டர், உக்கார வைக்கணுமா?" என்றார்.

"முன்னாடி உக்காருவேன்" என்றார் அப்பா. மூச்சு வாங்கினாலும் குரலில் அதட்டல் இருந்தது.

பெட்டி வைக்கிற மேடையின் ஓரத்தில் அக்காவும் நானும் ஒடுங்கிக்கொண்டோம். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு சந்திப்பில் டயர் எரிந்துகொண்டிருந்தது, சாலையின் குறுக்கே கற்கள். கம்புகளோடு நின்ற கூட்டம் வண்டியைக் கண்டதும் அமைதியானது. ஒருவன் அருகில் வந்து, இறந்தது யார் என்று கன்னடத்தில் கேட்டான். அக்கா என் மணிக்கட்டை நெரித்தாள்.

"நானே" என்றார் அப்பா, அதே கன்னடத்தில்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் அப்பாவின் ஊதிய முகத்தைப் பார்த்தான், பின்னால் பெட்டியில்லாமல் கிடந்த மேடையைப் பார்த்தான். பிறகு திரும்பி ஏதோ கத்தினான். இரண்டு பேர் கற்களை உருட்டி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனோம். ஊரே அடைத்துக் கிடந்ததால் பாதிப் பேர் வரவில்லை. மெஷின் காலியாகவே இருந்தது.

சாமான் வந்ததும் பாய் என்ஜினைப் பிரித்தார். செயினைத் தாங்கும் பட்டை உடைந்து, ஒரு துண்டு ஆயில் தொட்டியில் கிடந்தது. பிடிமானம் இல்லாத செயின் என்ஜின் மூடியின் உட்பக்கத்தை அரம் போட்டதுபோல அறுத்திருந்தது. "அன்னிக்குக் கெளம்பியிருந்தா போய்ச் சேந்திருக்க மாட்டீங்க" என்றார். அந்தத் துண்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

கார் சரியாகி வந்த முதல் டயாலிசிஸ் நாள். அக்கா சாவியைத் திருப்பினாள். விளக்கு அணைந்தது, என்ஜின் சீராக ஓடியது. தெருமுனைவரை ஓட்டியவள், மரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அம்மாவின் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா முன்னால் சாய்ந்து, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை அவள் தோளில் வைத்தார்.

"நல்லா அழுதுட்டு ஓட்டும்மா. லேட்டானா ஆகட்டும்."